நிர்வாகம் படித்தவருக்கு நம் சங்கத்தில் இடமுண்டா?

வர்த்தக நிர்வாகம் பயிற்றும் உயர்கல்லூரிகளில் தேறி வெளிவரும் இளைஞர்களுள் ஒரு சிறு பகுதியினர், பாங்கிகளிலும் பெருங் கம்பெனிகளிலும் காத்திருக்கும் உத்தியோகங்களை ஒதுக்கிவிட்டு, எளிய மக்களுக்குப் பயன்படும் வேலையொன்றில் தம் வாழ்நாளைச் செலுத்த விரும்புகின்றனர். இவ்விருப்பம் போற்றத்தக்கதே. ஆயினும் இதைப் பற்றிய பேச்சுக்கள் யாவும் நகரத்திலேயே நடைபெறுகின்றன. எவருக்குச் சேவை செய்ய இவ்விளைஞர்கள் புறப்படுகின்றார்களோ, அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்போர் அரியர். ஆதலின் சங்கத்து அங்கத்தினரின் பக்கமிருந்து இவ்விஷயத்தைச் சற்று ஆராய்வோம். அதற்குப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களை உதாரணமாகக் கொள்வோம்.

நெசவாளரும் பயிரிடுவோரும் படிக்கும் பத்திரிகையில் மீனவர் கதை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பழவேற்காடு ஒரு காலத்தில் துணிக்குப் பேர்போன துறைமுகம். டச்சுக்காரர் 1613இல் அங்கே கெல்திரியாக் கோட்டையை எழுப்பி, 1690இல் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரை வியாபாரத்தை அங்கிருந்தே நடத்தினர். கப்பலேறிய சரக்குகளில் முதன்மையானது தறித்துணியே. தரகர் வழியாக நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, நெய்யப்படாத துணியையே தம் விலைக்குக் கட்டிக்கொள்வது அக்கால வர்த்தகரின் வழக்கம். துணி வியாபாரம் அவ்வூரை விட்டுப் போய் நெடுங்காலமாயிற்று. முன்பணம் மட்டும் போகவில்லை. அது தறியிலிருந்து வலைக்கு மாறியிருக்கிறது.

இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உப்புநீர்க் காயல் பழவேற்காடே. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி நமது திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீர் ஏரியை நிரப்பி முகத்துவாரத்தைத் திறக்கும். கடல் நீரும் அதனோடு இறால் குஞ்சுகளும் உள்ளே வரும். கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துவிட்டால் பிழைப்பும் தூர்ந்துவிடும். இவ்வாறு பருவத்தை நம்பிய தொழிலில், வலைக்கும் படகுக்கும் எஞ்சின் பழுதுக்கும் வீட்டுக் கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் உடனே பணம் கொடுப்பவர் இறால் வியாபாரி ஒருவரே. வட்டி என்ற சொல்லை அவர் உச்சரிப்பதில்லை. சரக்கைத் தம்மிடமே போடவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இறாலின் விலையோ கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்ற கவுண்டுக் கணக்கைப் பொறுத்தது. அக்கணக்கைப் பார்ப்பவரும் அவரே, தராசைப் பிடிப்பவரும் அவரே, ஐஸ் கொண்டுவருபவரும் அவரே. பாவும் ஊடையும் கொடுத்துக் கூலிக்கு நெய்விக்கும் முதலாளியை அறிந்த நெசவாளருக்கும், கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கிய விவசாயிக்கும் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில்தான் நிர்வாகம் படித்தவருக்கு உண்மையான வேலை இருக்கிறது. சரக்கைத் தரம் பிரித்தல், ஐஸையும் வாகனத்தையும் நேரத்துக்கு ஏற்பாடு செய்தல், சென்னை விலையையும் ஏற்றுமதிக்காரர் விலையையும் அன்றன்று அறிதல், பாங்கிக் கடனுக்குத் தக்க கணக்குகளைத் தயாரித்தல் ஆகியவை யாவும் கல்லூரியில் கற்பிக்கப்படுபவையே. நமது சங்கங்களில் இவை பெரும்பாலும் நடைபெறுவதில்லை என்பதை ஆய்வுக்குச் செல்லும் நாம் மறைக்க இயலாது. மீன்பிடி தடைக்கால நிவாரணத்துக்கும் சேமிப்பு நிவாரணத்துக்கும் பட்டியல் தயாரிப்பதே பல மீனவர் சங்கங்களின் பிரதான அலுவலாகிவிட்டது. நிவாரணம் அவசியமானதே. எனினும் பிடித்த மீனில் ஒரு கூடையையேனும் விற்றுக் கொடுக்காத சங்கத்தை மீனவர் தம் சங்கமென எவ்வாறு கருதுவார்?

வேலை இருக்கிறது, அதற்குரிய படிப்பும் வந்துவிட்டது. பின் இரண்டும் சேராதிருப்பது ஏன்?

நாம் அறிந்த ஒரு குப்பத்தில் நடந்ததைக் கூறுவோம். நிர்வாகப் பட்டம் பெற்ற இளைஞர் சிலர் கூடி நடத்திய சிறு கம்பெனி ஒன்று அங்கே வந்தது. கைப்பேசியில் விலையைக் காட்டி, மீனவரிடம் நேராக இறால் வாங்கிற்று. எடை சரியாயிருந்தது, விலையும் வியாபாரி கொடுத்ததைவிடக் கூடுதல், பணம் அன்றைக்கே கைக்கு வந்தது. சில குடும்பத்தினர் பழைய வியாபாரியின் முன்பணத்தை அரும்பாடுபட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவரிடம் சரக்குப் போட்டனர். இரண்டு பருவங்கள் சென்றன. கம்பெனிக்கு மூலதனம் போட்டவர்கள் மேற்கொண்டு பணம் தர மறுக்கவே, கிளை மூடப்பட்டது. ஒருவருக்கும் பாக்கி வைக்காமலே அவர்கள் சென்றனர் என்பதைச் சொல்வது நியாயம். ஆனால் குடும்பங்கள் மீண்டும் பழைய வியாபாரியின் வாசலுக்குச் சென்றபோது முன்பிருந்த விலையும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நாம் விசாரித்தபொழுது பெரியவர் ஒருவர், “சார், அந்தத் தம்பிங்க நல்ல பிள்ளைங்கதான். எங்க ஆளுங்க இல்லையே. நாங்க வெச்ச ஆளா இருந்தா, போகாதேன்னு நிறுத்தியிருப்போம், போறதா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கணும்” என்றார்.

நாம் இக்கட்டுரையில் சொல்ல விரும்புவது பெரும்பாலும் அப்பெரியவர் சொன்னதே. சேவை செய்ய விழையும் நிர்வாகப் பட்டதாரி தமக்கென ஒரு கம்பெனியையோ டிரஸ்டையோ தொடங்கிக்கொண்டு குப்பத்துக்கு வருவதைக் காட்டிலும், குப்பத்துச் சங்கத்தின் சம்பளக்காரராக வருவதே மேல். அவரை நியமிக்கவும் கேள்வி கேட்கவும் நீக்கவும் அங்கத்தினருக்கு அதிகாரம் இருக்கவேண்டும். அவ்வாறே, அவருக்குத் தகுந்த சம்பளத்தைத் தம் கையிலிருந்து கொடுக்க அங்கத்தினர் மனம் கொள்ளவேண்டும். முதலாவதைப் பட்டதாரிகள் விரும்புவதில்லை. இரண்டாவதை நம்மவர் விரும்புவதில்லை.

இது வெறும் சித்தாந்தமன்று. குஜராத்தில் திரிபுவன்தாஸ் படேலின் முயற்சியால் 1946ஆம் ஆண்டு டிசம்பரில் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவாயிற்று. சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியற் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்காவில் மேற்படிப்பும் முடித்த வர்கீஸ் குரியன், 1949இல் ஆனந்த் நகரத்துச் சர்க்கார் பாலேட்டில் வேண்டாவெறுப்பாக வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் அச்சங்கத்தின் மானேஜரானார். தாம் பால் உற்பத்தியாளரின் ஊழியரே என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு எப்பொழுதும் பெருமிதம் உண்டு. சங்கத்தின் தலைவர் திரிபுவன்தாஸ். அவரைத் தலைவராக்கியவர் கறவை மாடு வைத்திருந்த கிராமத்தார். காலையிலும் மாலையிலும் பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்குரிய பணத்தைக் கொடுத்த அந்த முதல் விற்பனை சங்கத்தின் கையில் இருந்தமையால்தான் குரியனின் திறமைக்குப் பிடிமானம் கிடைத்தது. உற்பத்தியாளர் ஸ்தாபனங்களுக்கு இத்தகைய நிர்வாகிகள் வேண்டுமென்றே 1979இல் ஆனந்தில் கிராமிய நிர்வாகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தினால் அது திரிபுவன்தாஸின் பெயரையே தாங்கிய கூட்டுறவுப் பல்கலைக்கழகமாயிற்று.

நெசவாளருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ராஜஸ்தானத்து ஜவாஜா. ஆமதாபாத்தில் 1961இல் தோன்றிய இந்திய நிர்வாகக் கல்லூரியின் முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய். அவர் 1972இல் தாமாகவே அப்பதவியினின்றும் இறங்கி, சாதாரண ஆசிரியராக இருந்துகொண்டே, 1975இல் அஜ்மீர் மாவட்டத்து ஜவாஜாவில் ஒரு சோதனையைத் தொடங்கினார். அது வறட்சிப் பிரதேசம். அங்கே நிலத்தை நம்பிப் பயனில்லை. நெசவும் தோல் வேலையும் தெரிந்த ஏழைக் குடும்பங்கள் இருந்தன. ஆமதாபாத்தின் வடிவமைப்புக் கல்லூரியினரும் உடன் சென்றனர். புதிய விரிப்புகளும் தோற்பைகளும் செய்யக் கற்பித்ததைக் காட்டிலும் முக்கியமானது வேறொன்று. நூல் வாங்குவதும், விலை கட்டுவதும், பாங்கியோடு பேசுவதும், தமக்குள் சண்டையைத் தீர்ப்பதும் நெசவாளரே செய்யவேண்டும் என்றும், வந்த ஆசிரியர்கள் ஒருநாள் விலகிவிட வேண்டும் என்றும் ஆரம்பத்திலேயே தீர்மானித்துக்கொண்டனர். இவ்வாறு விலகுவதற்கும், நாம் மேலே சொன்ன கம்பெனி மூடிச் சென்றதற்கும் பெரிய வேறுபாடுண்டு. இங்கே விலகியபொழுது கைவினைஞரின் சங்கம் பின்னால் இருந்தது. அந்த வழி எளிதாயிருக்கவில்லை என்பதும் மெய்யே. தேசத்தின் தலைசிறந்த நிர்வாக ஆசிரியர்களுக்கே ஒரு தாலுகாவின் தறிகள் எத்தனையோ பாடங்களைப் புகட்டின.

கடற்கரைக்கு வருவோம். திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாட்டில் 1960களில் மீனவர் சங்கமொன்று உருவாயிற்று. கரையில் நடக்கும் ஏலத்தைச் சங்கமே நடத்துவது அதன் முறை. மீன் விற்ற பணத்திலிருந்து கடன் தவணையையும் சிறு சேமிப்பையும் சங்கச் செலவையும் அப்பொழுதே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவர். நன்றாய்ப் பட்ட நாளில் அதிகம் பிடிப்பர். படாத நாளில் பிடித்தமே இல்லை. மாதத் தவணை என்னும் பாங்கிப் பழக்கம் கடலுக்குப் பொருந்தாது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது. தொழிலுக்குச் செல்லும் மீனவரே அங்கத்தினர், வியாபாரிக்கு இடமில்லை. இத்தகைய சங்கங்கள் பெருகி, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் அமைந்தது. நமது கன்னியாகுமரிக் கடற்கரையிலும் அது பரவிற்று. ஆனந்தில் கிராமிய நிர்வாகம் பயின்ற வி. விவேகானந்தன் அச்சம்மேளனத்தின் தலைமை நிர்வாகியாகப் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். ஒட்டுப்பலகைப் படகுகள், எஞ்சின் பழுதுபார்க்கும் நிலையங்கள், 2004 சுனாமிக்குப் பின் நாகைக் கரையில் புனரமைப்பு ஆகிய வேலைகள் அதன்கீழ் நடந்தன. நிர்வாகப் படிப்பும் மீனவர் சங்கமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று கேட்பவருக்கு அவ்விடத்தைக் காட்டலாம்.

மாறான உதாரணமும் தொலைவில் இல்லை. ஏரியின் அக்கரையிலேயே உண்டு. ஆந்திரத்தில் சிறு கடன் கம்பெனிகள் பெருகிய காலத்தில், நல்லெண்ணத்தோடு தொடங்கிய படித்தவர்களும் அவற்றில் இருந்தனர். பங்கு மூலதனம் பெருகப் பெருக, வசூலே நோக்கமாயிற்று. ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு கம்பெனிகள் கடன் கொடுத்தன. 2010 அக்டோபரில் மாநிலச் சர்க்கார் அவசரச் சட்டம் கொண்டுவந்ததும் வசூல் நின்று, நல்லதும் கெட்டதும் ஒருசேர வீழ்ந்தன. கடன் வாங்கிய பெண்டிருள் ஒருவருக்கேனும் பெரும்பாலான அக்கம்பெனிகளின் நிர்வாகத்தில் வாக்குரிமை இருந்ததில்லை. நோக்கம் நல்லதாயிருந்தால் போதும் என்று எண்ணும் இளைஞர் அவ்வாண்டின் வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

குப்பத்துக்கு வரும் பட்டதாரி கற்றுக்கொள்ளவேண்டியதும் உண்டு. பழவேற்காட்டில் பாடு என்னும் முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. இறால் வலை கட்டும் நல்ல இடங்களை எவரும் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளாதபடி, எந்தக் குழு எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வர். ஊர்க்கூட்டமே அதற்கு நீதிமன்றம். இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் கட்டுவலை மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கி இவ்விதம் இடம் பிரித்துக்கொள்கின்றன. பொதுச் சொத்தை மக்களே காத்துக்கொள்ளும் வழிகளை ஆராய்ந்தமைக்காக எலினோர் ஆஸ்ட்ரோம் என்னும் அம்மையாருக்கு 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கல்லூரியில் அவருடைய நூலைப் படித்தவர், அதன் உயிருள்ள உதாரணம் சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் இருப்பதைப் பெரும்பாலும் அறியார். அதே வேளையில், பாட்டு உரிமை ஏரியில் தொழில் செய்யும் எல்லாருக்கும் இல்லை. குறிப்பிட்ட குப்பங்களின் தலைக்கட்டுகளுக்கே அது உண்டு. மற்றவர்க்கும் அவர்களுக்கும் இடையே தகராறுகள் வந்ததுண்டு. ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மகளிர் எந்தப் பாட்டிலும் சேராதவர்கள். அவர்களுடைய இறாலும் அதே சந்தைக்குத்தான் செல்கிறது. பழைய முறையைக் குலைக்காமலும், அதற்கு வெளியே நிற்பவரை விட்டுவிடாமலும் விற்பனையை அமைப்பது எப்படி என்பது எந்தக் கல்லூரித் தேர்விலும் கேட்கப்படாத கேள்வி. முகத்துவாரம், காட்டுப்பள்ளித் துறைமுக விஸ்தரிப்பு போன்ற விவகாரங்களோ நிர்வாகி ஒருவர் தீர்க்கக்கூடியவை அல்ல. அவற்றுக்கு அங்கத்தினர் திரண்டு குரல் கொடுக்கவேண்டும். நிர்வாகி கணக்கையும் காகிதத்தையும் எடுத்துக் கொடுக்கலாம்.

இனிச் சம்பள விஷயம். நமது நிர்வாகக் கமிட்டிகளிடம் கண்டிப்பாகவே இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. குமாஸ்தாவின் சம்பளத்துக்குக் குரியனை எதிர்பார்க்கிறோம். தேசத்தின் முதன்மையான நிர்வாகக் கல்லூரிகளில் இரண்டாண்டுப் படிப்புக்கு இன்று 20 இலட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணமாகிறது. நடுத்தரக் குடும்பத்து மாணவர் கடன் வாங்கியே படிக்கிறார். படித்து முடித்ததும், அக்கடனைத் தீர்க்கத்தக்க சம்பளம் எவர் கொடுக்கிறாரோ அவரிடமே போகவேண்டியவராகிறார். யோசித்துப் பார்த்தால் அவரும் முன்பணம் வாங்கியவரே. அவர் சரக்கும் யாரிடம் போடப்படும் என்பது முன்னமே தீர்மானமாகிவிடுகிறது. தியாகம் செய் என்று அவருக்கு உபதேசிப்பது மீனவரைப் பார்த்து வியாபாரியிடம் போகாதே என்று உபதேசிப்பதற்கு ஒப்பாகும்.

பயிரிடுவோரின் அனுபவத்திலிருந்து ஒன்று கற்கலாம். 2020இல் மத்திய சர்க்கார் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் ஸ்தாபனங்கள் திட்டத்தில், ஒவ்வொன்றுக்கும் நிர்வாகச் செலவுக்காக மூன்றாண்டுகளில் 18 இலட்சம் ரூபாய் வரையில் உதவி உண்டு. தலைமை நிர்வாகியின் சம்பளமும் அதிலேயே அடங்கும். மூன்றாண்டு முடிந்ததும் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடாத இடங்களில், உதவி நின்றதும் நிர்வாகியும் நிற்கமாட்டார். சம்பளம் சர்க்காரிலிருந்து வருகிற வரையில் அவருடைய கண்ணும் அத்திசையையே நோக்கும்.

சங்கமே கொடுப்பதென்றால் இயலுமா? ஒரு கணக்குப் போடுவோம். ஏரிக்கரைச் சங்கங்கள் சில ஒன்றுசேர்ந்து, ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய்ச் சரக்கைத் தம் தராசின் வழியாக விற்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு இரண்டு ரூபாய் பிடித்தால் 10 இலட்சம் சேரும். அதில் ஒரு நல்ல நிர்வாகியையும், கணக்கர் ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம். தனியொரு சங்கத்தால் இயலாதது நான்கைந்து சங்கங்களால் இயலும். மறுபுறம், 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி நிகர லாபத்திலிருந்து கல்வி நிதிக்கும் ஆராய்ச்சி வளர்ச்சி நிதிக்கும் நாம் பணம் செலுத்திவருகிறோம். ஐந்தாண்டுகள் தொடக்கச் சங்கமொன்றில் பணிபுரிய ஒப்புக்கொள்ளும் பட்டதாரியின் படிப்புக் கடன் வட்டியை அந்நிதியிலிருந்து ஏற்றால் என்ன? சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றி மாநிலக் கூட்டுறவு ஒன்றியத்தைக் கேட்கலாம். விதிகள் இடந்தராவிடில், விதியைத் திருத்தக் கேட்கலாம்.

வியாபாரியின் முன்பணம் முதலில் தீர்ந்தால்தான் சரக்குச் சங்கத் தராசுக்கு வரும் என்பதை நாம் மறக்கவில்லை. அதற்கு மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கி கடன் கொடுக்கவேண்டும். தவணை மரியநாட்டு வழியில் அமைய வேண்டும். அக்கடனுக்குரிய திட்டத்தைத் தயாரிப்பதே வரும் நிர்வாகியின் முதல் ஆறு மாத வேலையாயிருக்கலாம். அந்த ஆறு மாதமும் அவர் ஏரிக்கரையிலேயே குடியிருக்க வேண்டுமென நிபந்தனை விதிப்பதும் தகும். விடியுமுன் வலை கரைசேரும் நேரத்தில் தராசடியில் நிற்காதவருக்குக் கவுண்டுக் கணக்கு பிடிபடாது.

கூட்டுறவையும் மீன்வளத்தையும் ஒருசேர எண்ணுவது இம்மாநிலத்துக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்துக்குக் கிராமக் கடன் சங்கங்களைச் சிபாரிசு செய்து 1895இலும் 1897இலும் அறிக்கை எழுதிய பிரெடரிக் நிக்கல்சன்தான், பிறகு 1905 முதல் மாகாண மீன்வள ஆராய்ச்சியையும் மேற்கொண்டவர். 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தோன்றிய முதற் சங்கங்களுள் ஒன்றான திரூர் சங்கம், பழவேற்காடு அடங்கிய இதே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் பல சங்கங்கள் பேரவைக் கூட்டத்தைக் கூட்டுகின்றன. நிர்வாகி நியமனம், அவருடைய சம்பளம், அதற்குரிய பிடித்தம் ஆகிய மூன்றையும் ஒரே விவாதப் பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் எழுத்து மூலம் கோரலாம். மழை முடிந்து முகத்துவாரம் திறந்து இறால் வரத்துத் தொடங்கும்பொழுது தராசடியில் ஆள் இருக்கவேண்டுமானால், தீர்மானம் அதற்கு முன்பே நிறைவேறியிருக்க வேண்டும்.